ஒன்பதாம் கல்

ஜூன் 4

அண்ணனுக்கு,

நலமா என்று இந்தத் தடவை கேட்கமாட்டேன். நீ மூன்று முறை போன் செய்தாய், எடுக்கவில்லை. உன் குரலைக் கேட்டால் ஒன்று அழுவேன், இல்லை வாய்க்கு வந்தபடி திட்டுவேன். இரண்டும் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பத்துப் பேர் முன்னால் நடக்க வேண்டாம். அதனால் எழுதுகிறேன். என் படிப்பு நாலாம் வகுப்பு என்று உனக்குத் தெரியும். பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

திங்கட்கிழமை ஒரு பதிவுத் தபால் வந்தது. ஒரே தாளின் தலையில் உங்கள் மாநில முத்திரையும் எங்கள் மாநில முத்திரையும் பக்கத்துப் பக்கத்தில். எல்லைக்காக இத்தனை வருஷம் முட்டிக்கொண்ட இரண்டு அரசாங்கமும் இப்போது சம்பந்திகள் மாதிரி ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். பழைய நெடுஞ்சாலையை இருவரும் சேர்ந்து காப்பாற்றப் போகிறார்களாம். வழியில் இருக்கும் சாவடி, கிணறு, மைல்கற்கள் எல்லாவற்றையும் இருந்த இடத்தில் இருந்தபடி நிறுத்தி, வெளியூர்க்காரர்கள் சைக்கிளில் வந்து பார்க்கும்படி செய்யப் போகிறார்களாம். செய்யட்டும். நாற்பது கல்லில் முப்பத்தொன்பது கிடைத்துவிட்டதாம். ஒன்பதாம் கல் மட்டும் "தங்கள் மகளின் சமாதியில் உள்ளதாக அறிகிறோம்" என்று போட்டிருந்தது.

யார் சொல்லி அறிந்தார்கள்? இந்த ஊரில் அது மைல்கல் என்றே யாருக்கும் தெரியாது. நம்பர் இருக்கும் பக்கத்தை என் வீட்டுக்காரர் சுவரைப் பார்க்கத் திருப்பித்தான் நட்டார். விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் எட்டு மாதமாக அவள் பக்கத்திலேயே மண்ணுக்குள் இருக்கிறார். இன்னொருத்தி நான். மிச்சம் யார் என்று விரல் விட்டு எண்ணத் தேவையில்லை.

"கிணத்துல போட்ட கல்லா இருக்கணும்" என்று அவர் உன்னிடம் சொன்னபோது நானும் அங்கேதான் நின்றேன். நீ தலையாட்டினாய். பத்தொன்பது வருஷம் ஆட்டிய தலை இப்போது எதற்கு நின்றது?

அறுபது நாளில் என் சம்மதத்தைத் தெரிவிக்க வேண்டுமாம். உன் பதில் வரட்டும், பிறகு அவர்களுக்குப் பதில் எழுதுகிறேன்.

தங்கை

ஜூன் 11

தங்கச்சிக்கு,

நான்தான் சொன்னேன். மறைக்கவில்லை. ஆனால் போய்ச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. இரண்டும் ஒன்றா என்று நீ கேட்பாய். நீயே படித்துப் பார்.

இங்கே தொல்லியல் துறையில் நான் மேஸ்திரி என்று உனக்குத் தெரியும். சாய்ந்த கல்லை நிமிர்த்துவது, புதைந்ததைத் தோண்டி எடுப்பது என் வேலை. போன மாதம் இரண்டு மாநிலத்து ஆட்களும் ஒன்பதாம் கல் இருந்த இடத்தில் கூடினார்கள். கல் இல்லை, அதனால் புதிதாகச் செதுக்கி நடலாம் என்று பேச்சு. எங்கே நடுவது? உங்கள் ஆட்கள் உங்கள் பக்கத்து நகரத்திலிருந்து ஒன்பது மைல் அளந்து சிவப்பு முளை அடித்தார்கள். எங்கள் ஆட்கள் எங்கள் பக்கத்து நகரத்திலிருந்து முப்பத்திரண்டு மைல் அளந்து நீல முளை அடித்தார்கள். இரண்டும் ஒரே இடத்தில் வர வேண்டும். வரவில்லை. நடுவில் நூற்றறுபது காலடி இடைவெளி.

வராது. பழைய ரோட்டில் எத்தனை வளைவு இருந்தது. அதையெல்லாம் நேராக்கியபோது ரோடு குட்டையாகிவிட்டது. புது ரோட்டில் அளந்தால் எங்கள் முளை பழைய இடத்தைத் தாண்டிப் போய் உங்கள் பக்கம் விழும், உங்கள் முளை தாண்டி வந்து எங்கள் பக்கம் விழும். இது ரோட்டில் வேலை செய்தவனுக்குத் தெரியும். டேப் பிடிப்பவனுக்குத் தெரியாது. அரை நாள் சண்டை. "எங்க அளவுதான் சரி." "உங்க அளவு எந்தக் காலத்துல சரியா இருந்துச்சு?" எல்லைத் தகராறு மறுபடி ஆரம்பித்துவிடும் போல இருந்தது. கடைசியில் இரண்டுக்கும் நட்ட நடுவில் நட்டு, பெருந்தன்மையாகக் கைகுலுக்கிக்கொள்வது என்று முடிவு செய்தார்கள்.

அதுவும் தப்பான இடம். குழி வெட்டச் சொல்லி கடப்பாரையை என் கையில் கொடுத்தார்கள். தங்கச்சி, முப்பத்தைந்து வருஷமாகக் கல்லோடு பிழைக்கிறேன். தப்பான இடத்தில் கல்லை நடு என்றால் என் கை ஓடவில்லை. "சார், இங்க இல்ல, அங்க" என்று நடந்து போய்க் காலால் காட்டிவிட்டேன். "உனக்கு எப்படிய்யா தெரியும்?" என்றார்கள். ஒரு முழம் தோண்டினார்கள், பழைய குழியின் ஜல்லி கிடைத்தது. பிறகு என்னை விடவில்லை.

என் வாய்தான் எனக்கு எதிரி. மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. உன் சம்மதம் இல்லாமல் யாரும் தொடமாட்டார்கள். அதை எழுத்திலேயே வாங்கியிருக்கிறேன்.

அண்ணி உன்னைக் கேட்டாள். இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போது வேண்டாம்.

அண்ணன்

ஜூன் 20

அண்ணனுக்கு,

அதிகாரிகள் வந்து போனார்கள். எங்கள் மாநிலத்திலிருந்து ஒருவர், தொப்பையும் கண்ணாடியுமாக. உங்கள் மாநிலத்திலிருந்து ஒரு பெண், முப்பது வயதிருக்கும். கல்லைத் தொடுவதற்கு முன்னால் அந்தப் பெண் என்னைப் பார்த்து, "தொடலாமாம்மா?" என்று கேட்டது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இருவரையும் கல்லறை வாசலிலேயே விரட்டாமல் விட்டேன்.

உன் மாப்பிள்ளை ரோட்டு வேலையில் மீந்துபோன கறுப்பு பெயின்டைக் கொண்டுவந்து வருஷா வருஷம் அந்த ஒன்பதை எழுதுவார், ஞாபகம் இருக்கிறதா? நம்பர் சுவரைப் பார்த்துத்தான் இருக்கும். அந்தச் சந்தில் ஒருக்களித்து நுழைந்து எழுதுவார். யாரும் பார்க்காத நம்பருக்கு எதற்கு பெயின்ட் என்று கேட்டால், "அவ பாக்குறா" என்பார். எங்கள் கண்ணாடிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "பின்னால் சேர்ந்தது எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட வேண்டும், அதுதான் எங்கள் விதி" என்றார். உங்கள் பெண், "எங்க விதிப்படி கல்லுல என்ன ஏறியிருக்கோ அது கல்லோட சொத்து, தொடக் கூடாது சார்" என்றது. என் மகள் தலைமாட்டில் நின்றுகொண்டு இரண்டு பேரும் விதி பேசினார்கள்.

நான் சம்மதம் தராவிட்டால் ஒரு நகல் செய்து ரோட்டில் நட்டுவிடுவார்களாம். தந்தால் அந்த நகலை இங்கே நட்டுத் தருவார்களாம். எது என் இஷ்டமோ அது. எல்லாரும் இவ்வளவு மரியாதையாகப் பேசுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே யோசித்தேன். ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு மடிக்கிறேன், யோசிக்க நேரம் நிறைய. அவர் என்னிடம் சொன்னது என்ன? "ரோட்டோரப் பள்ளத்துல கெடந்துச்சு. ஒன்பதுன்னு இருந்துச்சு. அவளுக்கு ஒன்பது வயசு. அதான் எடுத்துட்டு வந்தோம்." நீயும் பக்கத்தில் நின்று ஆமாம் என்றாய்.

பள்ளத்தில் கிடந்த கல்லை எடுத்தவனுக்கு அது நின்ற இடம் எப்படி ஒரு முழம் பிசகாமல் தெரியும்? குழியில் ஜல்லி நிரப்பியது யார்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்காதே. நான் படிக்காதவள்தான், முட்டாள் இல்லை.

அந்த இன்னொன்று என்ன? இப்போதே எழுது.

தங்கை

ஜூன் 28

தங்கச்சிக்கு,

நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

கல் பள்ளத்தில் கிடக்கவில்லை. நின்றுகொண்டிருந்தது. நானும் மாப்பிள்ளையும் அதைப் பிடுங்கினோம்.

நம் பிள்ளை வண்டுவின் உயிர் போனது மதகருகே என்று உனக்குச் சொன்னோம். அப்பாவுக்குச் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும்போது என்று சொன்னோம். அது பொய். அவள் சாப்பாட்டைக் கொடுக்கவே இல்லை. ஒன்பதாம் கல்லருகே தூக்குச்சட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அங்கே உட்காரச் சொன்னது அவள் அப்பா. "தார் கொதிக்கிற எடத்துக்கு வரக் கூடாது. ஒன்பதாங் கல்லுகிட்ட உக்காந்துக்கோ, நான் வரேன்" என்று எப்போதும் சொல்வார். அவளும், "எனக்கும் ஒன்பது, அதுக்கும் ஒன்பது, அது என் கல்லு" என்று சொல்லிக்கொண்டு திரிவாள். உன்னிடமும் சொல்லியிருப்பாள். அதன் மேல் உட்காரமாட்டாள், பக்கத்தில் சாய்ந்துதான் உட்காருவாள்.

அன்றைக்கு அவள் வந்ததை தூரத்திலிருந்து நாங்கள் பார்த்தோம். கையைக்கூட ஆட்டினாள். மாப்பிள்ளை கிளம்பினார். நான்தான், "மழை வருது மாப்பிள்ளை, இந்தக் குழிய மூடிட்டுப் போயிடலாம், இல்லன்னா காலைல இருந்து செஞ்சது வீண்" என்றேன். கால் மணி நேரம். மழையும் வந்தது. லாரியும் வந்தது. வளைவில் வழுக்கி ரோட்டை விட்டு இறங்கிவிட்டது.

நீ ஞாயிற்றுக்கிழமை கழுவும் கல்லில் மேல் மூலை உடைந்திருக்கிறதே. பள்ளத்தில் விழுந்ததில் உடைந்தது என்று மாப்பிள்ளை சொன்னார் இல்லையா? அது லாரி பட்டது.

மாப்பிள்ளைக்குத் தினமும் அந்த வழியாகத்தான் வேலை. அவளைப் புதைத்த மூன்றாம் நாள், நடு மதியம், கொட்டுகிற மழையில் என்னைக் கூப்பிட்டுக்கொண்டு போனார். கடப்பாரையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தன் கையால் மண்ணைத் தோண்டினார். "இது அவளோடது, அவகிட்ட இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். குழியை நான் மூடினேன். மறுநாள் கல்லறையில் நட்டது அவர் தனியாக. என்னை வர வேண்டாம் என்றுவிட்டார்.

"அவ காத்துக்கிட்டு இருந்தான்னு என் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டா" என்றார். அதற்குத்தான் அந்தக் கிணற்றில் போட்ட கல். அவர் உன்னிடம் மறைத்தது தன் பங்கை மட்டும் இல்லை, என் பங்கையும் சேர்த்து. ஒரு நாள்கூட என்னைப் பார்த்து, நீ சொல்லித்தானே நின்றேன் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் அந்த ஊரிலேயே இருந்திருப்பேன்.

மண் காய்வதற்குள் ஊரை விட்டுப் போனவன் என்று நீ என்னைச் சொல்வாய். சரிதான்.

அண்ணன்

ஜூலை 19

தங்கச்சிக்கு,

மூன்று வாரமாக ஒரு வரி இல்லை. சலவைக்கூடத்துக்குப் போன் செய்தேன். "வேலைக்கு வர்றாங்க, பேசமாட்டேங்கறாங்க" என்றார்கள். நீ வேலைக்குப் போகிறாய் என்பதே எனக்குப் போதும்.

கல்லை உனக்கே விட்டுவிடச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். நகல் செதுக்க ஆரம்பித்துவிட்டேன். திட்டியாவது எழுது.

அண்ணன்

ஜூலை 27

அண்ணனுக்கு,

திட்ட நினைத்தேன். இரண்டு தாள் திட்டி எழுதியும் வைத்தேன். தபாலில் போடவில்லை. அதில் பாதி உன்னைத் திட்டியது, பாதி அவரைத் திட்டியது. எட்டு மாதமாக அவருக்காக அழுதவள் ஒரு வாரம் அவர் கல்லறைப் பக்கம் போகாமல் இருந்தேன். பக்கத்தில் அவள் இருக்கிறாளே என்று மறுபடி போனேன்.

நீயும் அவரும் இத்தனை வருஷம் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். நான் மட்டும் சும்மா இருந்தேன் என்று நினைத்தீர்களா? அன்றைக்கு அவர் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போகவில்லை. நான் வைத்த சட்டியை நகர்த்திவிட்டுப் போனார். காலையில் ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சண்டை. என்ன சண்டை என்று இன்றைக்கு எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை. "பட்டினி கெடக்கட்டும்" என்று நான் உட்கார்ந்துவிட்டேன். அவள்தான், "நான் குடுத்துட்டு வரேம்மா, அப்பா என் மேல கோவிச்சுக்கமாட்டாரு" என்று எடுத்துக்கொண்டு ஓடினாள். நான் எழுந்து போயிருக்க வேண்டியது. இதை அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. ஒரே வீட்டில் மூன்று பேர் ஒரே கல்லை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு, மற்றவன் கை காலி என்று நினைத்திருக்கிறோம்.

நான் ஏன் உன் வீட்டுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை என்று அண்ணி வருத்தப்படுவாள். சீர் செனத்தி குறைந்துவிட்டது என்று கோபம் இல்லை என்று அவளிடம் சொல். உன் ஊர் பஸ் அந்த ரோட்டில்தான் போகிறது. அவ்வளவுதான் காரணம்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த ரோட்டில் நடந்தேன். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. அரை மணி நேர நடை, எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. மதகைத் தாண்டும்போது அதற்கு மனசுக்குள் ஒரு மன்னிப்பு சொன்னேன். பாவம், இத்தனை வருஷம் அதைத்தான் சபித்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் நீல முளையைப் பார்த்தேன். எங்கள் சிவப்பு முளையையும் பார்த்தேன். நடுவில் நீ காலால் காட்டிய இடத்தில் செங்கல் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்தால் ரோடு நீளமாகத் தெரிகிறது. தூரத்தில் வேலை செய்கிறவர்கள் எறும்பு மாதிரி தெரிவார்கள். அவள் உங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள். அப்பா வருகிறார், மாமா வருகிறார் என்று. பயந்து உட்கார்ந்திருக்கவில்லை. அது ஒன்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். எந்த ஊரோ. என்னைப் பார்த்து வேகத்தைக் குறைத்து, கையை ஆட்டிவிட்டுப் போனார்கள். நானும் ஆட்டினேன்.

அண்ணா, அந்த இடத்தில் வேறொரு கல்லை நட்டு ஒன்பது என்று எழுதினால் அது என் மகளைத் தெரியாத கல். அவளுடையது அங்கேதான் இருக்க வேண்டும். அவர் எடுத்ததும் சரி. நான் கொடுப்பதும் சரி. சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

சமாதிக்கு அந்த நகல் வேண்டாம். நம்பர் இல்லாமல் வெறும் கல் ஒன்று செய். முழங்கால் உயரம் போதும்.

தங்கை

ஆகஸ்ட் 3

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை அண்ணியும் படித்தாள். இரண்டு பேரும் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

வரும் வியாழக்கிழமை கல்லைத் தூக்குகிறார்கள். அது உங்கள் பக்கத்து வேலை, உங்கள் ஆட்கள்தான் வருவார்கள். நான் வந்தால் நிற்க முடியாது, வரவில்லை. ரோட்டில் நடுவது பதினேழாம் தேதி. அது என் கையால் செய்வேன். வெறும் கல் முடிந்துவிட்டது. மூலைகளை மழுக்கிவிட்டேன், கை பட்டால் உறுத்தாது.

நடும் நாளில் நீ வருவாயா என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

அண்ணன்

ஆகஸ்ட் 9

அண்ணனுக்கு,

வியாழக்கிழமை கல்லைத் தூக்கினார்கள். கண்ணாடிக்காரரும் உங்கள் பெண்ணும் வந்திருந்தார்கள். முக்காலி நட்டு, சங்கிலி போட்டு, துணி சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரிதான் தூக்கினார்கள். நான் உன் மாப்பிள்ளையின் சமாதிப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். மண்ணுக்குள் இருந்த பாகம் இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. வெளியே தெரிந்ததைவிட உள்ளே இருந்தது அதிகம்.

களிமண் அப்பியிருந்தது. "நான் கழுவுறேன்" என்றேன். பத்தொன்பது வருஷமாக என் வேலைதானே. தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டே வந்தேன். அடியில் கையில் ஏதோ தட்டுப்பட்டது. ஏதோ கொத்தியிருந்தது. உளி வைத்துக் கொத்தியது இல்லை, கடப்பாரை முனையால் கொத்தியது. கோணல் மாணலாக மூன்று எழுத்து.

வண்டு.

அவருக்குக் கையெழுத்துக்கூட வராது, கட்டைவிரல்தான். எழுதத் தெரிந்தது அந்த ஒரு பெயர்தான். அவள்தான் தார் டின் மேல் சாக்பீஸால் எழுதி எழுதிக் கற்றுக்கொடுத்தாள். "எங்கப்பாவுக்கு என் பேரு எழுத வந்துடுச்சு" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாளே. உன்னையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு அன்றைக்கு அவர் செய்தது அதுதான். யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து எழுதியிருக்கிறார்.

கண்ணாடிக்காரர் குனிந்து பார்த்து, "இது என்ன, பழைய கல் தச்சர் குறியா?" என்றார். நான், "என் மக பேரு" என்றேன். அவர் நிமிர்ந்து, பின்னால் சேர்ந்தது, விதிப்படி சுரண்ட வேண்டியது என்றார். உங்கள் பெண், கல்லில் ஏறியது கல்லின் சொத்து என்றது. பழைய கதை. கடைசியில் இரண்டு மாநிலமும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். இரண்டு பேரும் வேனில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். அந்தப் பெண் எனக்கும் ஒரு வரியைப் படித்துக் காட்டியது. சுத்தம் செய்வதோ விடுவதோ எல்லாம் "தரைக்கு மேல் தெரியும் பகுதி"க்குத்தான். மண்ணுக்குள் இருப்பதற்கு இரண்டு அரசாங்கத்திடமும் சட்டம் இல்லையாம்.

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படின்னா நமக்கு அதுல வேலை இல்லம்மா" என்றார். நல்ல மனுஷன்தான். மேலே இருந்த கறுப்பு பெயின்டை மட்டும் சுரண்டப் போகிறாராம். சுரண்டட்டும். அதை எழுதியவரே இல்லை.

அந்தப் பெண் பதிவேட்டில் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டியது. ஒன்பதாம் கல். மேல் மூலை உடைசல், லாரி மோதியது. அடிப்பகுதியில் ஒரு குழந்தையின் பெயர், தகப்பன் எழுதியது. அவ்வளவும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

நீ செய்த வெறும் கல்லைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். நன்றாக இருக்கிறது. மழுக்கிய மூலையைத் தொட்டுப் பார்த்தேன்.

இனி உனக்குச் சில வேலை. பதினேழாம் தேதி கல்லை நடும்போது பெயர் இருக்கும் பக்கம் ரோட்டைப் பார்க்க வேண்டாம், அவள் உட்கார்ந்த பக்கம் பார்க்கட்டும். அப்படி வைத்தால்தான் நம்பர் ரோட்டைப் பார்த்துச் சரியாக வரும் என்று கண்ணாடிக்காரர் அளந்து சொல்லிவிட்டார், பயப்படாதே. முன்பு எவ்வளவு ஆழமோ அவ்வளவு ஆழம். பெயர் ஒரு விரல்கூட வெளியே தெரியக் கூடாது. மண்ணைக் கையால் போடு, மண்வெட்டி வேண்டாம்.

நான் வருவேன். அண்ணியையும் கூட்டிக்கொண்டு வா. மதியச் சாப்பாடு நான் கொண்டு வருகிறேன். வேலை பாதியில் இருந்தாலும் சரி, மழை வந்தாலும் சரி, நான் வருவது தெரிந்ததும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்து ஒன்பதாம் கல்லருகே உட்கார்ந்திரு.

தங்கை